பல கைகள் எழுதும் வரலாறு

கணினி நிரலுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு நிரலோடு சேர்ந்து தானாகவே பதிவாகிவிடும் என்று பலரும் எண்ணுவர். உண்மையில் பாதிதான் அவ்வாறு பதிவாகிறது. மீதியை மனிதர்கள் தேடி எழுத வேண்டியிருக்கிறது. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களே கூடி அதன் வரலாற்றை எழுதிவரும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பெயர் நின்றது, காரணம் எங்கே?

புதுச்சேரி நகரின் வடபகுதியில் உள்ளது லாஸ்பேட்டை. தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, மோதிலால் நேரு அரசு பல்தொழில்நுட்பக் கல்லூரி, காஞ்சி மாமுனிவர் பெயரில் அமைந்த பட்டமேற்படிப்பு நிறுவனம், புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் எனக் கல்விக்கூடங்கள் நிறைந்த பகுதி அது. வானூர்தி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் அப்பெயரைச் சொல்லிப் பேருந்து ஏறுகின்றனர்.

அப்பெயரின் முதற்பகுதி தமிழ்ச் சொல் அன்று. பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லோரிஸ்தோனின் பெயரால் அவ்வூர் வழங்குவதாகக் கூறுவர். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை 1765இல் திரும்பப் பெற்று மீண்டும் கட்டியெழுப்பியவர் அவர். அவருடைய தம்பியும் 'லா'தான். 1752இல் திருவரங்கத்தில் படையோடு சரணடைந்த தளபதி என்று அந்தத் தம்பியை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஊர்ப்பெயர்ப் பலகையை மட்டும் படிப்பவருக்கு இவற்றுள் எதுவும் தெரிய வழியில்லை. எந்த லா, எதனால் இப்பெயர், யார் வைத்தது என்னும் வினாக்களுக்குப் பலகை விடை தராது. ஆவணங்களைத் தேடித்தான் செல்ல வேண்டும்.

அவ்வாறு தேடிச் செல்வோருக்குப் புதுச்சேரி ஓர் அரிய செல்வத்தை வைத்திருக்கிறது. துபாசியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பே அது. கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு ஏற்றியது, ஆளுநர் எவரிடம் சினந்தார், அதற்குக் காரணம் என்ன என்பனவெல்லாம் நிகழ்ந்த காலத்திலேயே அதில் எழுதப்பட்டன. அரசின் கோப்புகளில் முடிவுகள் இருக்கும். அம்முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னாள் அறைக்குள் நடந்த பேச்சு ஆனந்தரங்கரின் குறிப்பில்தான் இருக்கும். முடிவுக்கும் காரணத்துக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கணினி மென்பொருளின் வரலாற்றை எழுத முற்பட்டவர்களுக்கும் தலையாய சிக்கலாக வந்து நின்றது.

திறந்த மூலமும் அதன் பதிவேடும்

மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு வெளிவருவது கட்டற்ற மென்பொருள். திறந்த மூல மென்பொருள் என்றும் இதனை வழங்குவர். இவ்விரு பெயர்களுக்கும் இடையே கொள்கை வேறுபாடு உண்டு எனினும், இங்கே பேசப்படும் பொருளுக்கு அது தடையாகாது.

1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவரான இயான் மர்டாக், லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட ஓர் இயங்குதளத்தைத் தொடங்குவதாக அறிவித்தார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்கு 'டெபியன்' எனப் பெயரிட்டார். எந்த நிறுவனத்தின் உடைமையாகவும் இல்லாமல் தன்னார்வலர்களால் உருவாக்கப்படுவது அது. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் இடம்பெறும் உபுண்டு, டெபியனிலிருந்து கிளைத்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் அதே வேரிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் இருந்தது. ஆகவே டெபியன் என்ற பெயரையே கேள்விப்படாமல் அதனைப் பயன்படுத்திய மாணவர்கள் இங்கே ஏராளம்.

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு 'பொதி'யாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு பொதிக்குள்ளும் மாற்றங்களின் பதிவேடு ஒன்று கட்டாயம் இருக்கும். பதிப்பு எண், செய்த மாற்றம், செய்தவர் பெயர், மின்னஞ்சல் முகவரி, நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட வடிவில் அதில் எழுத வேண்டும். வடிவம் பிழைத்தால் பொதியே உருவாகாது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் தன்மை எளிதில் விளங்கும். எந்த வரியை எவர் எப்போது மாற்றினார் என்பது அங்கே அடுக்கடுக்காக இருக்கும்.

இத்தனை ஒழுங்கான பதிவேடு இருக்கையில் தனியே வரலாறு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்கு டெபியனின் வரலாற்றிலேயே தக்க விடை இருக்கிறது.

வெளிவராத 1.0

டெபியனின் பதிப்பு எண்களை வரிசையாகப் பார்ப்பவர் ஓரிடத்தில் தடுமாறுவார். 1995 நவம்பரில் 0.93 என்னும் வரிசையில் ஒரு பதிப்பு வந்தது. 1996 சூனில் அடுத்த பதிப்பு வந்தது. அதன் எண் 1.1. இடையில் வந்திருக்க வேண்டிய 1.0 எங்கே? மூலநிரலைத் துருவிப் பார்த்தாலும் விடை கிடைக்காது. எண் மாறியிருப்பது தெரியும். ஏன் மாறியது என்பது தெரியாது.

நடந்தது இதுதான். அக்காலத்தில் இணைய வசதி பலருக்கு இல்லை. எனவே சில வணிக நிறுவனங்கள் லினக்ஸ் மென்பொருள்களைக் குறுவட்டில் பதிந்து விற்றன. டெபியனின் கோப்புக் களஞ்சியத்தில், இன்னும் முடிவுறாத அடுத்த பதிப்பு 1.0 என்னும் பெயர்கொண்ட அடைவில் உருவாகிக்கொண்டிருந்தது. குறுவட்டு நிறுவனம் ஒன்று அதனை முடிந்த பதிப்பு எனத் தவறாகக் கருதிக் குறுவட்டில் ஏற்றி 'டெபியன் 1.0' என்று வெளியிட்டுவிட்டது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அரைகுறையான ஒன்று. 1995 டிசம்பரில் டெபியன் குழுவும் அந்நிறுவனமும் சேர்ந்து, அது டெபியனின் அதிகாரப்பூர்வப் பதிப்பன்று என அறிவித்தன. உண்மையான பதிப்பை 1.0 என்று வெளியிட்டால் இரண்டும் ஒன்றெனக் குழப்பம் நேரும். அந்த எண்ணையே கைவிட்டு 1.1 என்று வெளியிட முடிவு செய்யப்பட்டது. 474 பொதிகளோடு அப்பதிப்பு வெளிவந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பின் அடைவுக்கு எண்ணைச் சூட்டியதே பிழைக்கு வழிவகுத்தது என்பதை அவர்கள் உணர்ந்தனர். இனிப் பதிப்பு முடிவுறும்வரை அதற்கு எண் இல்லை, ஒரு செல்லப்பெயர் மட்டுமே என்று வகுத்தனர். அப்போதைய தலைவர் புரூஸ் பெரன்ஸ் பிக்சார் நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்நிறுவனம் எடுத்த 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தின் பாத்திரங்களின் பெயர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் சூட்டப்பட்டன. 1.1இன் பெயர் 'பஸ்'. 2023இல் அறுபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளோடு வெளிவந்த 12ஆம் பதிப்பின் பெயர் 'புக்வோர்ம்'. விளையாட்டுப் பெயர்கள் என்றே புதியவர்கள் நினைப்பர். ஒரு தவறிலிருந்து பிறந்த பாதுகாப்பு ஏற்பாடு அது என்பதை எழுதிவைத்தவர்களால்தான் இன்று அறிய முடிகிறது. எழுதிவைக்காமல் இருந்திருந்தால், பொருளற்ற வழக்கம் என்று கருதிப் பின்வந்த எவரேனும் அதனை நீக்கியிருக்கக்கூடும்.

பதிவேடு தவறும் இடங்கள்

பதிவேடு பொய் சொல்வதில்லை. ஆனால் அதனைப் படிப்பவரை எளிதில் ஏமாற்றிவிடும்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்க இன்று உலகெங்கும் பயன்படும் கருவி 'கிட்'. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் எனக் காட்டும் கட்டளை ஒன்று அதில் உண்டு. அதன் பெயரே 'பிளேம்', அதாவது 'பழி'. நிரலாளர்களின் நகைச்சுவை அது. ஒருவர் ஆயிரம் வரிகளைச் சிந்தித்து எழுதியிருப்பார். பின்னர் வந்த வேறொருவர் வரிகளின் தொடக்க இடைவெளியைச் சீர்படுத்தியிருப்பார். கட்டளையை அப்படியே இயக்கினால் ஆயிரம் வரிகளிலும் இரண்டாமவர் பெயரே தோன்றும். கடைசியாகத் தொட்ட கையைத்தான் அது காட்டும்.

இதனினும் ஆழமான சிக்கல் பழைய கருவிகளில் இருந்தது. கிட் தோன்றுமுன் பரவலாக வழங்கிய சி.வி.எஸ். என்னும் கருவி, மாற்றத்தைக் களஞ்சியத்தில் ஏற்றியவரின் பெயரை மட்டுமே பதிந்தது. எழுதியவருக்கெனத் தனி இடம் அதில் இல்லை. ஏற்றும் உரிமை மிகச் சிலருக்கே இருந்தது. தமிழ் இடைமுகத்துக்கான மொழிபெயர்ப்பைச் செய்தவர் அதனை மின்னஞ்சலில் அனுப்புவார். உரிமை பெற்றவர் ஏற்றுவார். பதிவேட்டில் ஏற்றியவர் பெயர் நிற்கும். இரவெல்லாம் விழித்துப் 'கோப்பு', 'அடைவு', 'சாளரம்' என்று சொல் தேடியவரின் பெயர், கோப்பின் தலைப்பில் எவரேனும் எழுதியிருந்தால் உண்டு. இல்லையேல் இல்லை. கேடிஇ, க்னோம், பயர்பாக்ஸ், லிப்ரெ ஆபிஸ் போன்றவற்றின் தமிழாக்க வரலாற்றை எழுத முனையும் எவரும் இந்த இடத்தில் நின்று தயங்கத்தான் வேண்டும்.

நேரக் குறிப்பும் ஒரு சான்றே. ஒவ்வொரு பதிவின் இறுதியிலும் உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வேறுபாடு இருக்கும். +0530 எனக் கண்டால் இந்தியாவிலிருந்து செய்யப்பட்டது என்று ஊகிக்கலாம். இலங்கையும் இன்று அதே நேரத்தையே கொண்டிருக்கிறது. ஆயினும் 1996இன் பிற்பகுதி முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் +0600. அதனை அறியாதவர், 2003இல் இலங்கையிலிருந்து ஒரு தமிழர் செய்த பதிவை வங்கதேசத்திலிருந்து வந்தது என்று எழுதிவிடக்கூடும். எண்ணைப் படிக்கவும் ஊரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். இதனால்தான் இப்பணியை ஒருவர் தனித்துச் செய்ய இயலுவதில்லை. கொழும்பில் இருந்தவருக்குத் தெரிந்தது சென்னையில் இருந்தவருக்குத் தெரியாது.

லினக்ஸ் இழந்த பதினான்கு ஆண்டுகள்

லினக்ஸ் கரு 1991 செப்டம்பரில் ஏறத்தாழ பத்தாயிரம் வரிகளோடு தொடங்கியது. லினஸ் டோர்வால்ட்ஸ் முதற் பத்தாண்டுகள் எந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியையும் பயன்படுத்தவில்லை. மின்னஞ்சலில் வந்த திருத்தங்களைத் தம் கணினியில் இணைத்து, அவ்வப்போது முழு நிரலையும் வெளியிட்டார். 2002இல் பிட்கீப்பர் என்னும் தனியுடைமைக் கருவிக்கு மாறினார். 2005 ஏப்ரலில் அதனை இலவசமாகப் பயன்படுத்தும் வாய்ப்பு நின்றுபோகவே, சில நாள்களிலேயே கிட் கருவியை அவரே எழுதினார்.

ஏப்ரல் 16ஆம் நாள் லினக்ஸ் நிரல் முதன்முறையாகக் கிட்டில் ஏறியது. அன்றைய பதிப்பு 2.6.12இன் முன்னோட்டம். பழைய வரலாற்றையும் சேர்த்தே ஏற்றியிருக்கலாம். அதன் பேரளவைக் கருதி அவர் சேர்க்கவில்லை. வேண்டுமானால் பின்னர் இணைத்துக்கொள்ளலாம் என்னும் கருத்தில் விட்டுவிட்டார். அதன் விளைவாக, இன்று லினக்ஸ் களஞ்சியத்தில் பழைய வரி ஒன்றை எழுதியவர் யார் என்று கேட்டால், அந்த ஏப்ரல் நாளும் டோர்வால்ட்ஸின் பெயருமே வரும். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் உழைத்த நூற்றுக்கணக்கானோர் அச்சுவருக்குப் பின்னால் மறைந்துபோகின்றனர். பிட்கீப்பர் காலத்துப் பதிவுகளையும், அதற்கு முந்தைய வெளியீடுகளையும் தேடித் திரட்டித் தனிக் களஞ்சியங்களாகத் தன்னார்வலர்கள் பின்னர் அமைத்தனர். 2002க்கு முந்தைய பகுதியில் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அறிய முடியும். இடையில் நடந்ததை அக்கால மின்னஞ்சல்களைக் கொண்டே நிரப்ப வேண்டும்.

தாளிலிருந்து எழுந்த யுனிக்ஸ்

லினக்சுக்கு முன்மாதிரியான யுனிக்ஸ் தொடக்கத்தில் திறந்த மூலமாக இருக்கவில்லை. அதன் பழைய பதிப்புகள் 2002இல்தான் தாராள உரிமத்தோடு வெளியாயின. அதற்குள் முதற் பதிப்பின் மின்வடிவம் மறைந்துபோயிருந்தது. எஞ்சியது 1972 சூன் மாத நாளிட்ட ஓர் அச்சுப்படி. வாரன் டூமி என்பவர் நிறுவிய யுனிக்ஸ் மரபுக் குழுவினர் 2008இல் அப்படியின் வருடல் படங்களை எடுத்துக்கொண்டனர். எழுத்துணரி மென்பொருளால் முடிந்தவரை படித்தனர். மங்கிய இடங்களைக் கண்ணால் படித்துத் தட்டச்சு செய்தனர். பூச்சியமா 'ஓ' எழுத்தா, ஒன்றா 'எல்' எழுத்தா என்னும் ஐயங்கள் பக்கந்தோறும் எழுந்தன. ஒருவர் தட்டச்சிட்டதை மற்றொருவர் சரிபார்த்தார். இறுதியில் அந்த நிரல், பழைய கணினியைப் போலச் செயற்படும் மென்பொருளின்மேல் உயிர்பெற்று ஓடியது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்ட உ.வே. சாமிநாதருக்கு இந்த உழைப்பு அந்நியமாகத் தோன்றியிராது. ஒரேயொரு வேறுபாடு உண்டு. சுவடியில் பாடம் சரியா என்பதைப் பொருளையும் யாப்பையும் கொண்டு துணிய வேண்டும். நிரலில் எழுத்துப் பிழைத்தால் பெரும்பாலும் இயந்திரமே நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

டியோமிடிஸ் ஸ்பினெல்லிஸ் என்னும் கிரேக்கப் பேராசிரியர் இம்முயற்சிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, யுனிக்ஸின் நாற்பதாண்டுக்கு மேற்பட்ட வளர்ச்சியை ஒரே கிட் களஞ்சியமாக அமைத்தார். கிட் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரிகளும் அவற்றை எழுதியோர் பெயரோடு அதில் நிற்கின்றன. எந்தக் கோப்பை எவர் எழுதினார் என்பதைப் பழைய ஆவணங்களிலிருந்தும் அறிந்தோரின் நினைவிலிருந்தும் பெற்று அவர் இணைத்தார்.

வரலாற்றிலும் வழு

மீண்டும் டெபியனுக்கு வருவோம். 'டெபியனின் சுருக்க வரலாறு' என்னும் ஆவணம் ஒருவரால் தொடங்கப்பட்டு, இப்போது ஆவணக் குழுவினரால் பேணப்படுகிறது. இதன் சிறப்பு அதன் அமைப்பில் உள்ளது. அதுவும் ஒரு டெபியன் பொதியே. மற்ற மென்பொருள்களைப் போலவே அதனையும் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஓர் இயங்குதளம் தன் வரலாற்று நூலையும் தன்னுள்ளேயே சுமந்து செல்கிறது.

பொதி என்பதால் அதற்கும் பதிவேடு உண்டு. வரலாற்று நூலின் வரலாறு அது. அதனினும் முக்கியமானது, அந்நூலில் காணும் தவற்றை எவரும் வழுவாகப் பதியலாம் என்பது. நிரலில் பிழை கண்டால் வழுப் பதிவு முறைமையில் எண் கொடுப்பதுபோல, வரலாற்றில் ஒரு நாள் பிழையென்றாலும் எண் கொடுக்கப்படும். சான்று கேட்கப்படும். திருத்தப்பட்ட பின்னரே வழு மூடப்படும். அரசர் வரலாறுகளில் பிழைகள் நூற்றாண்டுக் கணக்கில் நீடிப்பதை அறிந்தவர்கள் இவ்வேற்பாட்டின் அருமையை உணர்வர்.

பிரெஞ்சு, செருமன், சப்பானியம், போர்ச்சுக்கீசியம், உருசியம் முதலிய மொழிகளிலும் அவ்வாவணம் பெயர்க்கப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்பாளர் வெறும் வாசகரைப்போல ஒரு தொடரைக் கடந்து போக முடியாது. பொருள் தெளிவாக இல்லாவிடில் பெயர்க்கவே இயலாது. அதனால் மூலத்தின் குறைகள் பலவேளைகளில் மொழிபெயர்ப்பின்போதே வெளிப்படுகின்றன.

இருவர் நினைவு முரண்பட்டால் என்ன செய்வது? நிகழ்வு நடந்த நாளில் எழுதப்பட்ட அறிவிப்புக்கு முதலிடம் தருவர். பின்னாளில் சொல்லப்படும் நினைவு அதற்கு அடுத்த இடத்தைப் பெறும். எழுத்துச் சான்றே இல்லையெனில் இருவர் கூற்றையும் பெயரோடு குறிப்பது நேர்மையானது. பலர் கூடி எழுதும் வரலாற்றில் பெரும்பான்மை கொண்டு உண்மையைத் தீர்மானிக்க முடியாது. பத்துப் பேர் தவறாக நினைவுகூரலாம். அன்று எழுதிய ஒரு வரி அப்பத்துப் பேரையும் திருத்தும்.

ஆயினும் இவ்வாவணமும் முழுமையானது அன்று. தலைவர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. 2020இலும் 2021இலும் நடந்த தலைவர் தேர்தல்களில் கேரளத்தைச் சேர்ந்த சுருதி சந்திரன் போட்டியிட்டார். வெற்றி பெறவில்லை. அத்தேர்தல்களில் வென்றோரின் பெயரை மட்டும் படிப்பவர் அவர் போட்டியிட்டதை அறிய மாட்டார். தேர்தல் ஆவணங்களைத் தனியே புரட்டுவோர்க்கே, பெண்களும் மேலைநாட்டவர் அல்லாதோரும் மிகக் குறைவாக உள்ள குழுவில் அவர் எழுப்பிய வினாக்கள் தெரியவரும். எதை எழுதுவது என்பதைப் போலவே எதை விடுவது என்பதும் வரலாற்றாசிரியரின் தீர்ப்புதான். எழுதுவோர் பலராகவும் பல நாட்டவராகவும் இருந்தால் அத்தீர்ப்பு ஒருபக்கம் சாய்வது ஓரளவு குறையும்.

காக்க ஒரு களஞ்சியம்

2015 டிசம்பர் 28ஆம் நாள் இயான் மர்டாக் மறைந்தார். வயது நாற்பத்திரண்டு. 2017இல் வெளிவந்த டெபியன் 9 அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் மனத்தில் இருந்தவை எவை என்று இனி அவரிடம் கேட்க முடியாது. அவர் 1994 சனவரியில் எழுதிய கொள்கை அறிக்கை மட்டும் வரலாற்று ஆவணத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. அன்று எழுதியதால் இன்று கிடைக்கிறது.

மனிதர்களைப் போலவே இணையக் களஞ்சியங்களும் மறைகின்றன. ஆயிரக்கணக்கான திட்டங்களைத் தாங்கிய கூகுள் கோடு 2016இல் மூடப்பட்டது. யாகூ குழுமங்களில் இருந்த பழைய உரையாடல்கள் 2019இன் இறுதியில் நீக்கப்பட்டன. தமிழ்க் கணிமையின் தொடக்ககால விவாதங்கள் பல அக்குழுமங்களிலேதான் நடந்தன. எந்தக் குறியேற்றம் வேண்டும், எந்த விசைப்பலகை ஏற்றது, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, மேலைநாடுகள் எனப் பரந்திருந்த தமிழர்கள் அங்கே வாதிட்டனர். முடிவான சொல் மென்பொருளில் இருக்கிறது. தோற்ற சொற்களும் அவை தோற்ற காரணங்களும் எவருடைய பழைய கணினியிலேனும் படியாக இருந்தால்தான் மீளும்.

இத்தகைய இழப்பைக் கண்டு பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் 'சாப்ட்வேர் எரிட்டேஜ்' என்னும் மென்பொருள் மரபுக் களஞ்சியத்தைத் தொடங்கியது. யுனெஸ்கோவும் பின்னர் அதனோடு கைகோத்தது. அதனைத் தொடங்கிய இருவருள் ஒருவரான ஸ்டெபானோ சாக்கிரோலி, 2010 முதல் 2013 வரை டெபியனின் தலைவராக இருந்தவர். பொதுவெளியில் உள்ள மூலநிரல்களை அவற்றின் மாற்ற வரலாற்றோடு சேர்த்துத் திரட்டுவது அதன் பணி. ஆனால் அக்களஞ்சியம் திரட்டுவது நிரலையும் பதிவேட்டையும். அப்பதிவேட்டில் எவரும் எழுதாத காரணத்தை அது திரட்ட முடியாது.

அருகில் இருக்கும் வரலாறு

புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், அதன் மேற்கே விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும் மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்துவருகின்றன. 2023 சனவரியில் டெபியனின் சிறு மாநாடு ஒன்று விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதன் உலக மாநாடு கொச்சியில் கூடியது. இவற்றின் வரலாற்றை எழுத இப்போது எவரும் பழைய அச்சுப்படியைத் தேட வேண்டியதில்லை. பங்கேற்றவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கின்றனர்.

லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் பயிலும் மாணவர் ஒருவர் இதனைத் தொடங்க விரும்பினால் அவருக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மென்பொருளுக்குத் தமிழில் பங்களித்த ஒருவரைக் கண்டு பேசி, பேசிய நாளையும் இடத்தையும் முதல் வரியில் எழுத வேண்டும். அவர் சொன்னதைக் களஞ்சியத்தின் பதிவோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இடத்தை மறைக்காமல் குறிக்க வேண்டும். அவருடன் பணியாற்றியவர் எவர் எனக் கேட்டு அவரிடம் செல்ல வேண்டும். பெயரை வெளியிட விரும்பாதவரின் பெயரை விட்டுவிட வேண்டும். பின்னர் மற்றொருவர் திருத்தக்கூடிய இடத்தில் அக்குறிப்பை வைக்க வேண்டும்.

ஆனந்தரங்கர் 1761 சனவரி 12இல் மறைந்தார். நான்கு நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அவருடைய குறிப்பேடுகள் குடும்பத்தார் வசமே இருந்தன. எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல் காலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து படியெடுத்தார். இடையிடையே சில காலப் பகுதிகளுக்கான குறிப்புகள் இன்றுவரை கிடைக்கவில்லை.